இறுக்கிய போல்ட் ராத்திரியில் தானாக உடைகிறது: பீன்யா பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

பீன்யா_குமரன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். பெங்களூர் பீன்யாவில் ஃபிக்சர் (வேலைத் துண்டைப் பிடித்துவைக்கும் சாதனம்) செய்யும் ஒரு சின்ன ஷாப்பில் க்யூசி, அதாவது தரச் சோதனை பார்க்கிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய பேஸ் பிளேட்டில் 24 அல்லன் போல்ட் போட்டோம். எம்12, கிரேடு 12.9, வெள்ளை ஜிங்க் பிளேட்டிங். டார்க் ரெஞ்சில் (இறுக்கும் திருகுவிசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டர் வைத்து, நான் பக்கத்திலேயே நின்று இறுக்க வைத்தேன். எல்லாம் ஒழுங்காகக் கிளிக் அடித்தது. மார்க்கர் கோடு போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போனோம். ஞாயிறு லீவு.

இன்று காலை வந்தால் வாட்ச்மேன் தாத்தா ஒரு டீ கிளாஸை நீட்டுகிறார். உள்ளே ஐந்து போல்ட் தலை. "யாரோ ஷீட் மேல கல்லு விட்டெறியறாங்கன்னு டார்ச் எடுத்துட்டு ரெண்டு தடவ வெளிய போய்ப் பாத்தேன் சார், ஒருத்தனும் இல்ல" என்றார். தர்மபுரிக்காரர், பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

உடைந்த இடம் தலையும் தண்டும் சேருகிற வளைவு. இழுபட்ட அடையாளமே இல்லை, கழுத்து மெலியவும் இல்லை. உடைந்த முகம் சாம்பல் நிறம், வெளிச்சத்தில் திருப்பினால் சர்க்கரை போல மினுக்குகிறது.

முதலாளி, நாங்கள் அதிகமாக இறுக்கிவிட்டோம் என்கிறார். போல்ட் கொடுத்தவர், டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் ஹார்ட்னஸ் 42 எச்ஆர்சி (எஃகின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ராக்வெல் அளவு), எல்லாம் சரி என்கிறார். பிளேட்டிங் செய்தவர், மெட்டீரியல் கோளாறு என்கிறார். ஸ்டோரில் இன்னும் 400 போல்ட் இருக்கிறது. என்ன செய்ய?

ஹொசூர்_ரைடர் | திங்கள், இரவு 10.15

டார்க் ரெஞ்ச் காலிபரேஷன் எப்போது செய்தது? அதை முதலில் பாருங்கள். ஜிங்க் போட்ட மரை வழுக்கும். அதுவும் எண்ணெய் தடவியிருந்தால் அதே 120-க்கு உள்ளே இழுவிசை ரொம்ப ஏறிவிடும். என் பைக்கில் இப்படித்தான் ஒரு ஸ்டட் போனது. நூற்றுக்குத் தொண்ணூறு இது ஓவர் டார்க்தான்.

பீன்யா_குமரன் | திங்கள், இரவு 10.22

காலிபரேஷன் போன மாதம்தான் ஆனது. எண்ணெய் தடவவில்லை.

ஓய்வுபெற்ற_உலோகவியலான் | செவ்வாய், காலை 6.10

குமரன் தம்பி, அந்த டீ கிளாஸை பத்திரமாக வையுங்கள். உடைந்த முகத்தைக் கையால் தொடாதீர்கள், இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்க்காதீர்கள். துருப்பிடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில், கொஞ்சம் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடுங்கள். அந்த முகம்தான் உங்கள் சாட்சி.

ரைடர் சொல்வது தவறு என்று சொல்லமாட்டேன், வழுக்கல் கணக்கு உண்மைதான். ஆனால் ஓவர் டார்க் என்றால் போல்ட் ரெஞ்ச் பிடித்தவன் கையிலேயே போயிருக்கும். இழுபட்டு, திருகி, அப்புறம் உடைந்திருக்கும். இங்கே இறுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. யாரும் தொடாமல், சுமை ஒரு கிலோகூட ஏறாமல், பல மணி நேரம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தெறித்திருக்கிறது. இந்தத் தாமதம் இருக்கிறதே, அதை ஒரு கையெழுத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான எஃகு, மேலே மின்முலாம், நிலையான இழுவிசை, சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் உடைப்பு. ஹைட்ரஜன் நொறுங்கல்.

இது புதுக் கதை இல்லை. 1875-இல் ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருக்கிறார். இரும்புக் கம்பியைச் சில நிமிடம் ஆசிடில் முக்கி எடுத்தால் வளைக்கும்போது படக்கென்று உடைகிறது. உடைந்த முகத்தை ஈரமாக்கினால் நுரை நுரையாகக் குமிழி வருகிறது. அதே கம்பியைச் சில நாள் சும்மா போட்டு வைத்தால் பழையபடி வளைகிறது. ஏதோ உள்ளே போனது, பிறகு வெளியே வந்துவிட்டது என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

பிளேட்டிங் கடையில் நடப்பது அதுவேதான். துருவையும் செதிலையும் எடுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியில் முக்குகிறார்கள், அங்கே ஹைட்ரஜன் பிறக்கிறது. அப்புறம் மின்சாரம் பாய்ச்சும்போது ஜிங்கோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் பிறக்கிறது. பெரும்பாலானது இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாகப் போய்விடும். சேராமல் ஒற்றை அணுவாக இருக்கிற கொஞ்சம் இரும்புக்குள் நுழைந்துவிடும். ஆமை புகுந்த வீடு மாதிரிதான்.

ஹொசூர்_ரைடர் | செவ்வாய், காலை 8.50

சரி சார், ஓவர் டார்க் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். எவ்வளவு ஹைட்ரஜன் போயிருக்கும்? உலகத்திலேயே லேசான வாயு. அது எம்12 போல்ட்டை உடைக்குமா? அப்படியானால் பலம் குறைந்த கிரேடு 8.8 போல்ட்டும் இதே தொட்டியில்தானே முலாம் போடுகிறார்கள், அது ஏன் உடைவதில்லை?

ஓய்வுபெற்ற_உலோகவியலான் | செவ்வாய், காலை 11.30

நல்ல கேள்வி. ஒரு கிலோ எஃகில் சில மில்லிகிராம் ஹைட்ரஜன் போதும். அளவு அல்ல விஷயம், அது எங்கே போய்க் கூடுகிறது என்பதுதான். ஹைட்ரஜன் அணு அத்தனை சின்னது. இரும்பு அணுக்களின் சந்து பொந்துகளில் அறை வெப்பநிலையிலேயே நடந்து திரியும். போல்ட்டை இறுக்கியதும் தலை வளைவிலும், நட் பிடிக்கும் முதல் மரையிலும் உலோகம் மூன்று பக்கமும் இழுபட்டு அணுக்களுக்கு நடுவே இடம் கொஞ்சம் விரிகிறது. ஹைட்ரஜன் அந்த விரிந்த இடம் பார்த்து நகரும். நடந்து போய்ச் சேர நேரம் வேண்டும் அல்லவா, அதுதான் உங்கள் வாட்ச்மேன் காத்திருந்த அந்த இரவு. சேர்ந்ததும் எஃகுக்குள் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் படிக மணிகளின் எல்லையில் பிடிப்பு தளர்கிறது, ஒரு சின்ன விரிசல் திறக்கிறது. விரிசல் முனை புது விரிந்த இடம், அங்கே இன்னும் ஹைட்ரஜன் வரும், விரிசல் இன்னொரு எட்டு வைக்கும். மீதியிருக்கும் குறுக்குவெட்டு சுமையைத் தாங்க முடியாத நொடியில் டிக்.

பிடிப்பு எப்படித் தளர்கிறது என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. அணுக்களின் பிணைப்பையே ஹைட்ரஜன் பலவீனப்படுத்துகிறது என்பது ஒரு கட்சி. இல்லை, விரிசல் முனையில் உலோகம் வழுக்குவதை எளிதாக்கி, நெகிழ்ச்சியை ஒரே இடத்தில் குவித்துக் கிழிக்கிறது என்பது இன்னொரு கட்சி. என் கணிப்பு, உங்கள் போல்ட் மாதிரி கெட்டியான எஃகில் முதல் கட்சி சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

8.8 விஷயத்துக்கு வருகிறேன். அதன் ஹார்ட்னஸ் 34 எச்ஆர்சி தாண்டாது. அந்த மென்மையில் விரிசல் முனை கொஞ்சம் மழுங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். 12.9 என்றால் 39-லிருந்து 44 வரை. அங்கே கொடுத்து வாங்குகிற குணமே கிடையாது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்: 12 என்றால் 1200 மெகாபாஸ்கல், .9 என்றால் அதில் 90 சதவீதத்தில்தான் நிரந்தரமாக நீளவே ஆரம்பிக்கும். அந்த பலத்துக்குத்தான் இந்த விலை.

துத்தநாகத்_தொட்டி | செவ்வாய், இரவு 11.05

நானும் பிளேட்டிங் கடைதான் வைத்திருக்கிறேன். குமரன் சார் லாட் நான் செய்ததில்லை, ஆனால் எப்போதும் எங்கள் தலையில்தான் கை வைப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நடைமுறை இதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பையில் 400 போல்ட் வரும். ஆர்டர் தாளில் "ஒயிட் ஜிங்க், 8 மைக்ரான், அர்ஜென்ட்" என்று மட்டும் இருக்கும். அது 8.8-ஆ 12.9-ஆ என்று ஒருவரும் எழுதமாட்டார்கள். ஹீட் ட்ரீட்மென்ட் செதில் கருப்பாக அப்பியிருக்கும். ஆசிடில் ஐந்து நிமிடம் போடவேண்டியதை இருபது நிமிடம் போட்டால்தான் வெளுக்கும். வெளுக்காவிட்டால் "மங்கலா இருக்கு" என்று ரிஜெக்ஷன். வெளுத்தால் ஹைட்ரஜன். எங்களை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

பேக்கிங், அதாவது ஓவனில் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றுவது, எங்களுக்கும் தெரியும். பிளேட்டிங் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் ஏற்றி, 190 முதல் 220 டிகிரி வரை வைத்து, குறைந்தது நான்கு மணி நேரம். 12.9-க்கு அதற்கும் மேலே. ஓவன் கரண்ட் பில் யார் கொடுப்பது? கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பீன்யா_குமரன் | புதன், மதியம் 1.20

அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். "ஒயிட் ஜிங்க் 8 மைக்ரான்." அவ்வளவுதான். கிரேடும் இல்லை, பேக்கிங்கும் இல்லை. எழுதியது யார் என்று கையெழுத்தைப் பார்த்தால், நான்தான்.

பிறகு பிளேட்டிங் செய்தவரிடம் நேரில் போனேன். மனிதர் நல்லவர், ரிஜிஸ்டரையே திறந்து காட்டினார். பேக் செய்திருக்கிறார். ஆனால் தொட்டியிலிருந்து எடுத்தது ராத்திரி ஏழு மணி, ஓவனில் ஏற்றியது மறுநாள் காலை ஒன்பது. அதுவும் பாசிவேஷன் (ஜிங்க் மேல் போடும் குரோமேட் பூச்சு) முடித்த பிறகு, இரண்டே மணி நேரம். இப்போது மீதி 400-ஐ மறுபடி ஓவனில் போட்டு நன்றாகப் பேக் செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

ஓய்வுபெற்ற_உலோகவியலான் | புதன், மாலை 4.45

கூடாது. காரணம் சொல்கிறேன்.

நான்கு மணி நேரம் என்று ஏன் சொல்கிறார்கள்? முலாம் போட்ட பிறகு உள்ளேயே இருக்கும் அழுத்தங்கள் ஹைட்ரஜனை இழுத்துச் சேர்க்க ஆரம்பித்துவிடும், இறுக்கும்வரை காத்திருக்காது. உள்ளே ஒரு மயிரிழை விரிசல் விழுந்துவிட்டால் ஓவன் அதை ஒட்டவைக்காது. ஹைட்ரஜன் போய்விடும், விரிசல் இருக்கும். அந்த 400-ல் எது அப்படி என்று கண்ணால் சொல்ல முடியாது.

இரண்டாவது, பளபளப்பான ஜிங்க் அடுக்கு நெருக்கமானது. ஹைட்ரஜன் அதைத் தாண்டி வெளியே வருவது கடினம். ஓவனில் பாதி ஹைட்ரஜன் வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளேயே அதைப் பிடித்துவைக்கும் ஆழமான பொறிகளில் போய் அடங்குகிறது.

மூன்றாவது, குரோமேட் பாசிவேஷன் 70 டிகிரி சுமாருக்கு மேல் காய்ந்து வெடிக்கும். முதலில் பேக், அப்புறம்தான் பாசிவேஷன். உங்கள் ஆள் வரிசையை மாற்றிவிட்டார்.

220-க்கு மேல் ஏற்றினால் போல்ட் மென்மையாகிவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். அது இல்லை, இந்த போல்ட்டை டெம்பர் செய்ததே (கெட்டிப்படுத்திய பிறகு மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தியதே) 400 டிகிரி அளவில். உயர்ந்த சூட்டில் ஜிங்கே எஃகின் மணி எல்லையில் நுழைந்து கெடுக்கும், கட்டுப்பாடு அதற்காக.

400 போல்ட் போனால் போகட்டும். ஸ்கிராப் போடுங்கள்.

துத்தநாகத்_தொட்டி | புதன், இரவு 10.30

சார் சொல்வதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பேக்கிங் சரியாகச் செய்தாலும் 12.9-க்கு மின்முலாம் கேட்காதீர்கள். நானே இப்போது எழுதி வாங்கிக்கொண்டுதான் எடுக்கிறேன். ஜிங்க் ஃபிளேக் கோட்டிங் இருக்கிறது, பெயின்ட் மாதிரி முக்கிச் சுழற்றி ஓவனில் உலர்த்துவது. கரண்ட் இல்லை, ஆசிடுக்குப் பதில் ஷாட் பிளாஸ்ட் (சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது), ஆகவே ஹைட்ரஜன் பிறக்கவே இடமில்லை. விலை கூட, பளபளக்காது. உள்ளே ஃபிக்சரில் போடும் போல்ட் பளபளத்து யாருக்கு என்ன? கருப்பு போல்ட்டே எண்ணெய் தடவிப் போடலாம்.

மல்லேஸ்வரம்_மாமி | வியாழன், காலை 7.15

எல்லாருக்கும் வணக்கம். நடுவில் வேறு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். உள் டாங்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 என்று சொல்லி விற்றார்கள். ஐந்து வருஷத்தில் வெல்டிங் ஓரமாகக் கசிகிறது. துருவே இல்லை, பளபளவென்று இருக்கிறது, ஆனால் முடி மாதிரி கோடு. ரிப்பேர்க்காரர் வெல்டு வைத்தார், பக்கத்திலேயே இன்னொரு கோடு வந்தது. எங்களுக்கு போர்வெல் தண்ணீர்தான், காவேரி இல்லை. இதுவும் ஹைட்ரஜனா?

ஓய்வுபெற்ற_உலோகவியலான் | வியாழன், காலை 9.00

மாமி, இது அதன் ஒன்றுவிட்ட அண்ணன். அழுத்த அரிப்பு விரிசல் என்பார்கள். மூன்று பேர் ஒரே வீட்டில் சந்தித்தால்தான் வரும்: அதற்கு மசிகிற உலோகம், அந்த உலோகத்துக்கு ஆகாத ஊடகம், இழுவிசை. ஒருவர் வராவிட்டாலும் நடக்காது.

உங்கள் டாங்கில் ஆகாதவர் போர்வெல் நீரிலுள்ள குளோரைடு. இழுவிசை வெல்டிங் விட்டுப்போனது. வெல்டு ஆறும்போது சுருங்கி, ஓரத்தில் பெரிய இழுவிசையைப் பூட்டிவைத்துவிடும். வெளியே யாரும் இழுக்கவேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் சூடு. 304-க்குத் தண்ணீர் 60 டிகிரி தாண்டினால் ஆபத்து எல்லை, உங்கள் சோலார் வெயில் நாளில் அதைத் தினமும் தாண்டுகிறது. மறுபடி வெல்டு வைத்தால் மறுபடி புது இழுவிசை, புதுக் கோடு. இரண்டாவது விரிசலை ரிப்பேர்க்காரரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. கொதிக்கிற குளோரைடுக் கரைசலில் சோதித்தபோது, நிக்கல் 8 சதவீதம் சுமார் இருக்கிற ஸ்டெயின்லெஸ்தான் சீக்கிரமாக உடைந்தது. நிக்கல் ரொம்பக் குறைந்தாலும் தப்பிக்கும், ரொம்பக் கூடினாலும் தப்பிக்கும். உலகம் முழுக்க விற்கிற 304 சரியாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. டூப்ளெக்ஸ் என்ற வேறு வகை ஸ்டெயின்லெஸ் வாங்கினால் தாங்கும், அல்லது எனாமல் பூசிய டாங்க்.

துரு இல்லையே என்று ஏமாறவேண்டாம். சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் 1985-இல் ஒரு உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் கூரை அப்படியே கீழே விழுந்து 12 பேர் இறந்தார்கள். தாங்கியிருந்தவை ஸ்டெயின்லெஸ் கம்பிகள். குளத்துக் குளோரின் ஆவி மேலே போய்ப் படிந்து, 13 வருஷம் சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது.

இந்த விரிசலை முதலில் பெரிதாகக் கவனித்ததே நம் மண்ணில்தான். ஆங்கிலேயப் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்தால் பித்தளைத் தோட்டாக் கூடு கழுத்தில் கீறியிருக்கும். 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்துவிட்டு மழையைக் குறை சொன்னார்கள். குற்றவாளி குதிரை மூத்திரத்து அம்மோனியாவும், கூட்டைக் குளிர்நிலையில் இழுத்துச் செய்தபோது தங்கிய இழுவிசையும் என்று 1921-இல்தான் தெளிவாக எழுதினார்கள். லேசாகச் சூடாக்கி அந்த இழுவிசையை விடுவித்ததும் பிரச்சினை தீர்ந்தது. ஹோட்டல் டாய்லெட்டில் பித்தளை நட் நீளவாக்கில் பிளந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் அந்தக் குதிரைகள்தான் நினைவுக்கு வரும்.

செம்பூர்க்காரன் | வியாழன், மாலை 6.40

மும்பையிலிருந்து எழுதுகிறேன். கடலுக்குள்ளிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு, மும்பைக் கடலிலுள்ள பசேன் வயலின் வாயுவைக் குஜராத்தின் ஹசிராவில் சுத்தம் செய்கிற ஆலையே அதற்காகத்தான். எங்கள் தொழிலில் பாதி இந்த விஷயம்தான். சல்ஃபைடு என்ன செய்யும் என்றால், அணு அணுவாகப் பிறக்கும் ஹைட்ரஜனை ஜோடி சேரவிடாது. ஜோடி சேர்ந்தால் குமிழியாகப் போகும், சேராவிட்டால் எஃகுக்குள் போகும். அதனால் எங்களுக்குக் குழாய், வெல்டு எல்லாவற்றிலும் 22 எச்ஆர்சி என்ற எண் வேதவாக்கு. 42-ஐ நாங்கள் வாசல்படியேற விடமாட்டோம்.

உலோகவியலான் சார் சொன்ன 'ஒன்றுவிட்ட அண்ணன்' பற்றி ஒரு குறிப்பு. இரண்டையும் பிரித்தறியாமல் வைத்தியம் செய்தால் விபரீதம். உலோகம் கரைவதால் வரும் விரிசலுக்கு கத்தோடிக் பாதுகாப்பு (மின்சாரம் கொடுத்தோ, ஜிங்க் மாதிரி தான் கரையும் உலோகத்தைச் சேர்த்தோ அரிப்பைத் தடுப்பது) கொடுத்தால் நிற்கும். ஹைட்ரஜனால் வரும் விரிசலுக்கு அதையே கொடுத்தால் இன்னும் ஹைட்ரஜன் பிறந்து வேகமெடுக்கும். குமரனுடைய போல்ட் வெளியில் மழையில் நின்றாலும் இதே கதைதான்: ஜிங்க் கீறிய இடத்தில் ஜிங்க் கரைந்து எஃகைக் காப்பாற்றும், அந்த எஃகின் மேல் ஹைட்ரஜன் பிறக்கும்.

2013-இல் சான் பிரான்சிஸ்கோ பே பாலத்தில் 96 நங்கூரக் கம்பிகளை இறுக்கியதில் இரண்டு வாரத்துக்குள் 32 உடைந்தன. 3 அங்குல விட்டம், ஜிங்க் பூசியவை, இறுக்கும் முன்பு பல வருஷம் தண்ணீர் தேங்கிய குழியில் நின்றவை.

ஓய்வுபெற்ற_உலோகவியலான் | வியாழன், இரவு 8.20

குமரன் தம்பி, லேப் ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்கவேண்டாம். அதே லாட்டில் பிளேட்டிங் போகாத கருப்பு போல்ட் ஸ்டோரில் இருக்கிறதா? ஆறு கருப்பு, ஆறு வெள்ளை எடுத்து ஒரே தடித்த பிளேட்டில் ஒரே டார்க்கில் இறுக்குங்கள். கருப்பும் உடைந்தால் போல்ட் கொடுத்தவரைக் கேளுங்கள். வெள்ளை மட்டும் உடைந்தால் விவாதமே இல்லை. குறைந்தது 48 மணி நேரம் விடவேண்டும். மேலே ஒரு இரும்புப் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள், தலை கண்ணில் தெறித்தால் ஹைட்ரஜன் மன்னிப்புக் கேட்காது.

பீன்யா_குமரன் | திங்கள், இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. முடிவு வந்துவிட்டது.

லேப்பில் மின்னணு நுண்நோக்கிப் படம் கொடுத்தார்கள். கற்கண்டை உடைத்தால் எப்படிப் பட்டை பட்டையாக முகம் தெரியுமோ, அப்படியே இருக்கிறது. விரிசல் மணிகளைக் கிழிக்கவில்லை, மணிக்கும் மணிக்கும் நடுவே போயிருக்கிறது. வெளிப்பரப்புக்குக் கொஞ்சம் உள்ளே ஆரம்பம். கடைசியாக அறுந்த ஓரத்தில் மட்டும் சாதாரணக் குழிகள், அங்கே உலோகம் ஒழுங்காக இழுபட்டே அறுந்திருக்கிறது.

ஆறுக்கு ஆறு சோதனை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். கருப்பு ஆறும் இன்னும் அப்படியே நிற்கின்றன. வெள்ளையில் ஐந்து போய்விட்டன. 400 போல்ட்டையும் வெட்டி ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது. செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு, முதலாளி இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. புது ஆர்டரில் கிரேடை எழுதினேன், "மின்முலாம் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

ராத்திரி நேரத்தைக் குறித்துவைக்கும்படி வாட்ச்மேன் தாத்தாவிடம் சொல்லியிருந்தேன். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் குறித்திருக்கிறார்: "டிக், 11.20. டிக், 3.05. சனி ராத்திரி டிக், 9.45. டிக், 12.10." ஐந்தாவதுக்கு நேரம் இல்லை. "தூங்கிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.